கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள்

கார்பன் தாள் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. யுத்த காலத்தில் ஒரே தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மசி எந்த மூலையில் மிச்சமிருக்கிறது என்று தேடித் தேடி அடித்த கை இது. இன்று பெட்டியைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய். "அந்தச் சனியனை என் புடவை மேல வைக்காதேடி" என்று சொல்லியும்விட்டாய். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இன்னமும் உன் புடவையில் கறை பட்டுவிடும் என்று கார்பனை மேஜையின் மறு ஓரத்தில்தான் வைக்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமே இல்லை. எழுத வேண்டிய தூரத்தில் நாம் இருந்ததில்லை. நடுவில் ஒரு காவிரி இருந்தது. அதையும் நீ தாண்டி வந்துவிட்டாய். இன்று ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டு இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

யார் மேல் கோபம் என்கிறாயா? துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மேல். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "பாவம், எவ்வளவு அடக்கமான பொண்ணு. இருக்கிற இடம் தெரியாது." உன் அண்ணாவும் காரிய அழைப்பில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்: பொறுமையே உருவான என் சகோதரி. படித்துவிட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நீயா அடக்கம்? நீயா பொறுமை? உன்னை அவர்கள் தப்பாக மொழிபெயர்க்கிறார்கள். தப்பைத் திருத்துவது என் தொழில். சும்மா எப்படி இருப்பேன்?

நாம் இரண்டு பேரும் தெப்பக்குளத்துப் பக்கம் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தோம். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வருவாய். நான் தொட்டியத்து வாழைத் தோப்பிலிருந்து வந்து, தென்னூரில் ஒரு அறை பிடித்துத் தனியாக இருந்தேன். உன் புருஷன் கல்கத்தாவுக்கு வேலை தேடிப் போனவர், வேலை கிடைத்ததும் உன்னை மறந்துவிட்டார். அது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த மானேஜருக்கு மட்டும் அது ஒருநாள் திடீரென்று தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டு, புருஷனோடு வாழாத ஒருத்தி சின்னப் பெண்களுக்கு எப்படி முன்மாதிரியாக இருக்க முடியும் என்று கேட்டார். வகுப்புக்கு வந்து குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். பக்கத்து அறையில் நான் நாலாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொன்ன வாயோடு, சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உன் பின்னால் வந்துவிட்டேன்.

வாசலில் நின்று முறைத்தாய். "உன்னை யாருடி போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கும் வாய்ப்பாடு அலுத்துப்போச்சு."

"அசடு" என்றாய். ஆனால் குடையை விரித்து என் தலைக்கும் பிடித்தாய்.

அடுத்து என்ன செய்வது என்ற யோசனை உன்னுடையது. உன் அப்பா கலெக்டர் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கியபோது, பத்திரங்களையும் மனுக்களையும் நீதான் படித்துக் காட்டுவாய். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நீதான் எழுதுவாய். பன்னிரண்டு வயசில் ஆரம்பித்த வேலை அது. தாசில்தார் தமிழ், கணக்குப்பிள்ளை தமிழ், கோயில் தமிழ் எல்லாம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு டைப் அடிக்கத் தெரியும். சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் விளையாட்டாகக் கற்றுக்கொண்டது. அவர்கள் தள்ளிவிட நினைத்த பழைய மெஷின் ஒன்றுக்கு என் கழுத்துச் சங்கிலி போயிற்று. அந்த மெஷினில் இங்கிலீஷ் 'ஈ' எழுத்து மட்டும் வரியை விட்டு ஒரு படி மேலே குதிக்கும். "உன்னை மாதிரியே இருக்கு" என்றாய்.

வேலை கேட்டுக் கண்டோன்மெண்டிலும் புத்தூரிலும் எத்தனை வக்கீல் வீடு ஏறி இறங்கினோம்! தமிழில் இருக்கும் பத்திரமோ கடிதமோ கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் இங்கிலீஷில் வேண்டும், ஜட்ஜ் வெள்ளைக்காரர். வேலை இருந்தது. ஆனால் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி வேலையைப் பற்றி இல்லை. "எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்பார்கள். எந்த ஆபீசும் இல்லை, நாங்கள்தான் என்று சொன்னால் முகம் மாறிவிடும். அப்பா பேர், புருஷன் பேர், முதலாளி பேர், ஏதாவது ஒரு பேர் வேண்டும் அவர்களுக்கு. நம் பேர் மட்டும் போதாது.

புத்தூரில் அந்தப் பெரிய வக்கீல் வீட்டுக் குமாஸ்தா நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சொன்னது நம் காதில் விழுந்தது. "யாரோ உதிரிங்க ரெண்டு பேரு வந்திருக்காங்கய்யா." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. கிளம்பு என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை. "இருக்கட்டும்டி. எங்க ஊர்ல மாலை கட்டினது போக, அர்ச்சனைக்கு உதிரிப் பூதான் வேணும்" என்று மெதுவாகச் சொன்னாய்.

வக்கீல் வேலை கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் கீழும் இது உண்மையான மொழிபெயர்ப்பு என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும் அல்லவா, அந்த இடத்தில் குமாஸ்தா கையெழுத்துதான் இருக்கும். "தப்பா நினைக்காதீங்கம்மா. பொம்பளைங்க கையெழுத்தப் பார்த்தா எதிர்க்கட்சி வக்கீல் விஷயத்தை விட்டுட்டு அதையே பிடிச்சுக்குவான்" என்றார். சுடச்சுட ஏதோ சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். ஒப்புக்கொண்டோம்.

ஐந்து மாதம் அப்படி ஓடியது. நீ தமிழை ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பாய். கண்ணை மூடிக்கொள்வாய். பிறகு இங்கிலீஷில் சொல்வாய், நான் அடிப்பேன். வேலை முடிந்ததும் குமாஸ்தா வந்து படித்துக்கூடப் பார்க்காமல் கீழே தன் பேரைக் கோழிக் கிறுக்கலாகக் கிறுக்கிவிட்டுப் போவார். அந்தக் கிறுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். "நாம ஆக்கி வைக்க, இந்த ஆளு சாப்பிட்டுட்டு ஏப்பம் விடறாரு" என்பேன். நீ சிரிப்பாய்.

மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும் நீ தென்னூருக்கு வர முடியாது. வீட்டுக்குள்ளேயே உனக்கு இடமில்லை. கொல்லைப்புறத்து அறையில் ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு ஜன்னல். வேலை நிற்கலாமா? நான் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து, பின் சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வேன். ஜன்னலுக்கு வெளியே நான் தமிழை உரக்கப் படிக்க, உள்ளேயிருந்து நீ இங்கிலீஷில் சொல்ல, நான் பென்சிலால் எழுதிக்கொள்வேன். என்னையும் உன் வீட்டில் உள்ளே விடமாட்டார்கள், ஜாதி வேறு. முதல் தடவை நான் கல்லில் உட்கார்ந்தபோது நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "பாத்தியா, இந்த மூணு நாளும் நானும் வெளியிலதான், நீயும் வெளியிலதான். நல்ல ஜோடி." இந்த வாயைத்தான் அடக்கம் என்கிறார்கள்.

உங்கள் ஊர்த் தமிழ் எனக்குத் தனி பாஷை. ரசம் என்றால் சாத்தமுது, சமையல் என்றால் தளிகை. ஒரு கோயில் கடிதத்தில் 'பெருமாள் மண்டபத்துக்கு எழுந்தருளினார்' என்று இருந்ததை நான், பெருமாள் எழுந்து நின்று அருள் செய்தார் என்று புரிந்துகொண்டு உன்னிடம் சொன்னேன். நீ பாயில் புரண்டு சிரித்தாய். "எழுந்தருளினார்னா புறப்பட்டுப் போனார்னு அர்த்தம்டி, தொட்டியத்து வாழைக்காயே! பெருமாள் நடமாடறதை அப்படித்தான் சொல்லுவோம். பெரியவாளுக்கும் அப்படித்தான்." எழுந்தருளினார் என்றால் புறப்பட்டுப் போனார். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதில்தான் விழுந்தேன். எப்படி என்று உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் நான் தனியாகச் செய்த ஒரு கடிதத்தில் நீ பதினொரு இடத்தில் திருத்தியிருந்தாய். பதினொன்றும் சரியான திருத்தம். அதனால்தான் கோபம் வந்தது. நானும் தமிழ்ச்சிதானே, இவளிடம் போய் ஒவ்வொரு சொல்லாக நிற்க வேண்டுமா என்று கறுவிக்கொண்டேன். மறுநாள் உனக்கு அந்த மூன்று நாள் தொடங்கிற்று. நான் பஸ் ஏறவில்லை. வக்கீல் வீட்டிலிருந்து வந்திருந்த காகிதக் கட்டில் இருந்த கடிதத்தை நானே மொழிபெயர்த்து, நானே அடித்து, குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம், சின்னக் கட்டு, முடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நீயும் துருவிக் கேட்கவில்லை.

வழக்கு ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருத்தியுடையது. அவள் அப்பா படுகை நிலத்தைச் சித்திரையில் விற்றுவிட்டதாக ஒரு பத்திரத்தை யாரோ நீட்டினார்கள். அப்பா பங்குனியிலேயே செத்துப்போய்விட்டார், கையெழுத்து பொய் என்பது அவள் கட்சி. அவர் ஏதோ கிராமத்தில் இறந்ததால் சரியான பதிவு இல்லை. சித்தப்பா அப்போது எழுதிய ஒரு கடிதம்தான் சாட்சி. 'அண்ணா பங்குனி ஏகாதசியன்று திருநாட்டுக்கு எழுந்தருளினார்' என்று அதில் எழுதியிருந்தது. நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எழுந்தருளினார், புறப்பட்டுப் போனார். திருநாடு, புண்ணிய பூமி. காசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பங்குனி ஏகாதசியன்று புண்ணிய தேசத்துக்குப் புறப்பட்டுச் சென்றார் என்று இங்கிலீஷில் நன்றாக, மணிமணியாக அடித்தேன்.

நாலு வாரம் கழித்து வழக்கு எடுக்கப்பட்ட அன்று மத்தியானம் குமாஸ்தா ஜட்காவில் வந்து இறங்கினார். வேட்டி நுனி கையில், முகம் சிவப்பு.

"ஏம்மா, உங்களுக்கென்ன, வீட்ல உக்காந்து தட்டிட்டுப் போயிட்டீங்க. அங்க நின்னது நானு! செத்தவரைக் காசிக்கு அனுப்பி வச்சிருக்கீங்க!"

எதிர்க்கட்சி வக்கீல் நெற்றி நிறைய நாமம் போட்ட ஸ்ரீரங்கத்துக்காரர். அவருக்குத் தெரியாததா? தெரிந்தே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எழுந்து, கனம் கோர்ட்டார் அவர்களே, அந்தப் பெரியவர் பங்குனியில் யாத்திரை போயிருக்கிறார், திரும்பி வந்து சித்திரையில் பத்திரம் எழுதியிருக்கிறார், இதில் என்ன தடை என்று கேட்டாராம். ஜட்ஜ் தலையை ஆட்டினாராம். கோர்ட்டே கொல்லென்று சிரித்ததாம். நம் வக்கீல் திருநீறு பூசுகிறவர். அவருக்கே பாதியில்தான் விஷயம் புரிந்ததாம். அவர் எழுந்து ஆட்சேபித்ததும், ஜட்ஜ் ஒரு வாரத்தில் சரியான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டிருக்கிறார். கீழே யார் கையெழுத்து? குமாஸ்தாவுடையது. அவர் என்ன சொன்னார்? "தென்னூர்ல ரெண்டு பொம்பளைங்க."

ஐந்து மாதமாக இல்லாத நாம் அன்றைக்குத்தான் இருந்தோம்.

"ஐயா சாயங்காலம் வரச் சொன்னாங்க. கைவசம் இருக்கிற கட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினார். நமக்கு அந்த வக்கீலை விட்டால் வேறு வேலை கிடையாது. அது போனால் நான் தொட்டியத்துக்குப் பஸ் ஏற வேண்டும். நீ உன் அண்ணா வீட்டு அடுக்களைக்குள் போக வேண்டும்.

ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வந்தேன். உனக்கு அது இரண்டாம் நாள். கொல்லையில் நின்று, ஜன்னல் வழியாகக் கடிதத்தின் அந்த வரியையும் என் இங்கிலீஷையும் படித்தேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாய்.

"அடிப்பாவி! திருநாடுன்னா வைகுண்டம்டி. அவர் செத்துப்போயிட்டார்!"

"எழுந்தருளினார்னா புறப்பட்டார்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். எங்க புறப்பட்டார்னு கேட்டியோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லில் உட்கார்ந்து அழுதேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "தெரியாத வார்த்தையா இருந்தா வந்து கேட்டிருப்பே. தெரிஞ்ச வார்த்தைதான்டி ஆளைக் கவுக்கும்." பிறகு சரியான இங்கிலீஷைச் சொன்னாய். எழுதிக்கொண்டேன். நான் மட்டும் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வருகிறேன், நீ வர முடியாது என்றேன்.

"இரு" என்றாய். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அந்த மூன்று நாளும் திறக்காத கதவு திறந்தது. தலையை அள்ளி முடிந்துகொண்டு, கட்டின புடவையோடு நீ வெளியே வந்தாய். கிணற்றடியில் நின்ற உன் மன்னி குடத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

"மன்னி, கோர்ட்டு வேலையா போயிட்டு வரேன்" என்றாய், கடைக்குக் கொத்துமல்லி வாங்கப் போகிறவள் மாதிரி.

பஸ் ஏறினோம். நீ என்ன செய்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டைத் தவிர உனக்குப் படுக்க இடம் கிடையாது என்றும் தெரியும். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாய். "தண்ணி நிறைய வந்திருக்குடி" என்று மட்டும் சொன்னாய்.

வக்கீல் வீட்டு முன்னறையில் எப்போதும் நாம் நிற்பதுதான் வழக்கம். அன்று நீ நேரே போய்க் கட்சிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாய். இரண்டாம் நாள்! அந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் நாற்காலியையும் நம்மையும் சேர்த்துக் கழுவியிருப்பார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

வக்கீல் என் மொழிபெயர்ப்பைத் தூக்கிக் காட்டினார். "யாரும்மா இதைப் பண்ணினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "நாங்க பண்ணினோம்."

"ஒரு வரிக்கு ரெண்டு பேரா?"

"ஒரு வரியானாலும் ரெண்டு பேர்தான். தப்பு. ஒத்துக்கறோம். சரியானது இதோ இருக்கு."

பென்சிலால் எழுதிய தாளை மேஜைமேல் வைத்தாய். குமாஸ்தா கதவோரமாக நின்று, "அப்பவே சொன்னேனேய்யா, உதிரிங்களை நம்ப முடியாதுன்னு" என்றார்.

நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. வக்கீலைப் பார்த்துத்தான் பேசினாய். "ஐயா, இந்தக் காகிதத்துல இவர் கையெழுத்துதான் இருக்கு. ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் எங்களோடதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டார். உண்மையைத்தான் சொன்னார், சந்தோஷம். அஞ்சு மாசமா சரியா இருந்ததெல்லாம் யாரோடது?"

குமாஸ்தா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"தப்பு எங்க பேர்ல வந்தாச்சு. இனிமே சரியும் எங்க பேர்லதான் வரணும். இல்லேன்னா கட்டெல்லாம் கொண்டு வந்திருக்கோம். வச்சுட்டுப் போயிடறோம்."

மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துக்கொண்டு வரலாம் என்று நான் போனேன். நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நிபந்தனை போடுகிறாய். வக்கீல் உன் தாளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"வெறுமே இறந்தார்னு எழுதியிருக்கீங்களே. மூலத்துல அப்படி இல்லையேன்னு கேப்பான்."

"கீழ ஒரு குறிப்பு போடறோம். இந்த ஊர் வைஷ்ணவா சாவைச் சாவுன்னு சொல்ல மாட்டா, இப்படித்தான் சொல்லுவான்னு."

"குறிப்புக்குக் கீழ யாரு கையெழுத்து?"

"எங்களோடது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடுங்க" என்றார். ஒரே சொல்.

அன்றைக்கே அங்கேயே நீ சொல்ல, நான் அந்தக் கடைசி வரியை எழுதினேன். கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இதை மொழிபெயர்த்தோம், இது உண்மையானது. உன் பேர், அதன் கீழ் என் பேர். அப்பா பேர் இல்லை, புருஷன் பேர் இல்லை, ஆபீஸ் பேர் இல்லை. அடுத்த வாரம் எதிர்க்கட்சி வக்கீல் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று உட்கார்ந்துவிட்டாராம். அந்த அம்மாளுக்குப் படுகை நிலம் திரும்பி வந்தது.

அன்று வக்கீல் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் நான் உன்னிடம் சண்டை பிடித்தேன். தப்பு முழுக்க என்னுடையது, நீ அன்றைக்குக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை, பிறகு ஏன் நாங்கள் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ நான்னு சொல்லியிருந்தா, நாளைக்கு நல்லது பண்ணினாலும் நான் வேற, நீ வேற ஆயிடுவோம். அப்புறம் அந்தக் குமாஸ்தா நம்மளைத் தனித்தனியா கூப்பிட்டுப் பேசுவார். தனித்தனியா போனா ரெண்டு பேரையும் தின்னுடுவா. புரியறதா?" என்றாய். கொஞ்ச தூரம் போன பிறகு, "அதோட, நீ அழுதா பாக்க சகிக்கலை" என்றும் சொன்னாய்.

வீட்டு வாசலில் உன் அண்ணா நின்றிருந்தார். தீட்டோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு எந்த முகத்தோடு வருகிறாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நீ குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணா, நான் கொல்லை வழியா உள்ள போறேன். ஆனா கோர்ட்டு வேலைன்னா நாளைக்கும் போவேன்." அன்று கொல்லைக்குப் போனவள், அடுத்த மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பெருமாள் படத்தோடும் என் அறைக்கு வந்து சேர்ந்தாய். ஒரு வருஷம் என் கையால் தண்ணீர்கூடக் குடிக்காமல் தனி அடுப்பு வைத்துச் சமைத்தாய். பிறகு ஒருநாள் உன் தளிகை கருகிப்போனது. என் குழம்பில் கையை வைத்தாய். "காரம்" என்றாய். மறுநாளும் அதையே சாப்பிட்டாய்.

பத்து வருஷம். எத்தனை வக்கீல்கள், எத்தனை கட்டுகள்! போகப் போக யாரும் எந்த ஆபீஸ் என்று கேட்கவில்லை. "தென்னூர் அம்மாங்க ரெண்டு பேரும் பண்ணினதா?" என்று மட்டும் கேட்டார்கள். வெள்ளைக்கார ஜட்ஜ் கப்பல் ஏறிப் போய், நம்மவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. அதையும் நீ பார்த்தாய்.

மாசியில் உனக்கு ஜுரம் வந்தது. பதினாறாம் நாள் நீ போய்விட்டாய். சேதி போனதும் உன் அண்ணா வந்து உன்னை ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனார். தாயே, அங்கே நான் யார்? வாசல் வழியாக உள்ளே விடுவார்களா? பின் சந்து வழியாகப் போய், கொல்லையில் நின்றேன். உன்னைக் குளிப்பாட்டிய தண்ணீர் என் கால் பக்கமாக ஓடிற்று. மன்னி பார்த்தாள். ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு வேலையை விட்டுவிடு, தொட்டியத்துக்கு வந்துவிடு என்று என் தம்பி இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். எதற்கு வர வேண்டும்? எனக்குத் தொழில் இருக்கிறது. உன் ஊர்த் தமிழ் வந்தால் கேட்பதற்கு உள்ளே நீ இல்லை என்பதுதான் குறை. அதற்காக, தெரியும் என்று நான் நினைக்கிற ஒவ்வொரு சொல்லையும் இப்போது இரண்டு பேரிடம் கேட்கிறேன். பாலம் தாண்டிப் போய்க் கேட்கிறேன். வெட்கப்படுவதில்லை.

போன வாரம் புதிதாக ஒரு ஜூனியர் வக்கீல் வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுவார். நான் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். கடைசி வரியில் பென்சிலால் ஒரு வட்டம்.

"அம்மா, கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள்னு அடிச்சிருக்கீங்க. கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. நான்னு மாத்திக் கொடுத்துடுங்க."

மெஷின் திறந்துதான் இருந்தது. ஒரு சொல்தானே, அரை நிமிஷ வேலை. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"மாத்த மாட்டேன் தம்பி."

அவர் திகைத்துப் போனார். "தப்பு இல்லையாம்மா அது?"

"தப்புதான்."

"எதிர்க்கட்சியில கேப்பாங்களே. இந்தத் தப்பை யார் பண்ணினதுன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"நாங்க பண்ணினோம்னு சொல்லுங்க."